பழைய ஃப்ளை ரீலை வீட்டிலேயே மீட்டெடுத்தல்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராயபுரத்தில் கடலுக்கு நான்கு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில், பல ஆண்டுகளாகப் பழைய ஃப்ளை ரீல்களை (இறகால் பூச்சிபோல் கட்டிய முள்ளை வீசி மீன் பிடிக்கும் தூண்டிலின் ரீல்களை) பிரித்து, துடைத்து, மீண்டும் சுழல வைக்கும் வேலையைப் பொழுதுபோக்காகச் செய்து வருகிறேன். தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது என்றும், பழைய சாமான் கடையில் அகப்பட்டது என்றும் ரீல்களைக் கையில் எடுத்துக்கொண்டு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் அனைத்திலும் என்னுடைய சாய்வு ஒன்று தெரியும்: ரீல் சுழல வேண்டும் என்பதற்குத் தேவையானதை மட்டும் செய்வது, செய்ததை நாளை வேறொருவர் மாற்றியமைக்க வழி விட்டு வைப்பது.

ஃப்ளை ரீல் என்பது காசிமேட்டுக் கடைகளில் விற்கும் ரீலிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

கடைகளில் தொங்கும் ஸ்பின்னிங் ரீலில் தங்கூசி நரம்பு அசையாத உருளையிலிருந்து நழுவி வெளியேறும். திரும்பச் சுற்றும்போது உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் கையின் ஒரு சுற்றை நான்கைந்து சுற்றாகப் பெருக்கித் தரும். பழைய ஃப்ளை ரீல்களில் பெரும்பாலானவற்றில் அந்தப் பெருக்கம் கிடையாது. கைப்பிடி நேரடியாக உருளையின் மீதே பதிந்திருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று. இறகும் நூலும் கட்டிய முள்ளுக்கு எடையே இல்லாததால், வீச்சுக்கு வேண்டிய எடையைத் தடித்த லைன்தான் தருகிறது. எனவே ரீலின் பணி இரண்டே: லைனைச் சுற்றி வைத்திருப்பது, மீன் இழுக்கும்போது உருளை கட்டுமீறிச் சுழன்று லைன் சிக்கலாகாமல் தடுப்பது.

இந்தப் பக்கத்தில் வெளிச்சட்டத்தைக் கூடு என்றும், லைன் சுற்றும் பகுதியை உருளை என்றும், நடுவிலுள்ள தண்டை அச்சு என்றும், தூண்டில் கோலில் பொருந்தும் பகுதியைக் கால் என்றும் குறிப்பிடுகிறேன். உருளையின் பின்புறம் ஒரு சிறு பல்சக்கரம் இருக்கும். அதன் பற்களில் முக்கோண வடிவிலான ஒரு நாக்கு உரசும். அந்த நாக்கை ஒரு தகட்டு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். கிர்ர் என்ற ஓசை அங்கிருந்துதான் வருகிறது. மொத்த இயந்திரமும் இவ்வளவே என்பதால்தான் வீட்டிலேயே இதைப் பழுது பார்க்க முடிகிறது.

வடசென்னையில் இவை எங்கிருந்து கிடைக்கின்றன?

பெரம்பூரிலும் இராயபுரத்திலும் இரயில்வேயை ஒட்டி வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் பல, 1947-க்குப் பின் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தபோது விட்டுச் சென்ற சாமான்களோடு சில தூண்டில் கோல்களும் ரீல்களும் இங்கேயே தங்கிவிட்டன. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு அருகிலிருந்த வளாகத்துக்கு மாறிய பழம்பொருள் வியாபாரிகளிடம் அவை அவ்வப்போது தலைகாட்டும். அங்கே இது இன்னதென்று அறிந்து விற்பவர் அரிது. என்னிடமுள்ள ஒரு ரீலை, காத்தாடி விடும் லொட்டாய் என்று சொல்லித்தான் ஒருவர் விற்றார். நானும் மறுத்துப் பேசவில்லை.

பொறிப்பைப் படித்துப் பாருங்கள். 1872-ல் தொடங்கப்பட்ட ஆல்ன்விக் நகரத்து ஹார்டி பிரதர்ஸ், ரெடிட்ச் நகரத்து ஜே. டபிள்யூ. யங், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்திலிருந்து வந்த பிஃப்ளூகர் மெடலிஸ்ட் ஆகியவை மதிப்புள்ள பெயர்கள். தயாரிப்பாளர் பெயரே இல்லாமல், விற்ற கடையின் பெயர் மட்டும் பொறிக்கப்பட்ட ரீல்களும் ஏராளம் உண்டு. வேலை பழக அவையே ஏற்றவை.

வாங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

உருளையை மெதுவாகச் சுழற்றி, அதன் விளிம்பு கூட்டில் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் கீழே விழுந்து நெளிந்த ரீல் என்று பொருள். நெளிந்த மெல்லிய அலுமினிய விளிம்பை நிமிர்த்துவது, விரிசல் விடும் அபாயத்தோடுதான் முடியும். அடுத்து ஆணிகளின் (இந்தப் பக்கத்தில் ஆணி என்பதெல்லாம் திருகாணியே) தலையைப் பாருங்கள். பிளவுகள் சிதைந்திருந்தால் உங்களுக்கு முன் யாரோ கைவரிசை காட்டியிருக்கிறார். காலின் இரு முனைகளும் ஒரே அளவாக, அரம் படாதவையாக இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். தங்கள் கோலில் பொருந்தவில்லை என்று காலை அராவிவிடுவது அக்காலத்துத் தூண்டிற்காரர்களின் பொதுவான குற்றம். அழுக்கும் பாசியும் பச்சைக் களிம்பும் மட்டும்தான் குறை என்றால் தயங்காமல் வாங்கலாம்.

என் ரீல் எந்த உலோகத்தால் ஆனது என்று எப்படி அறிவது?

முதலில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அந்தப் பாகம் இரும்பு அல்லது எஃகு. அச்சும் ஸ்பிரிங்கும் ஆணிகளும் பெரும்பாலும் அவ்வாறே இருக்கும். ஒட்டாமல் கனமாக இருந்தால் பித்தளை, வெண்கலம் அல்லது வெள்ளி போலத் தோன்றும் நிக்கல் பித்தளை. ஒட்டாமல் இலேசாக இருந்தால் அலுமினியம். அலுமினியத்தின் எடை, அதே பருமனுள்ள பித்தளையின் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். மேற்பூச்சு கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால், காலின் அடிப்பக்கத்தில் பூச்சு தேய்ந்த இடத்தில் அடி உலோகத்தின் நிறம் தெரியும்.

கறுப்பான பக்கத் தகடு இருந்து, அதைத் துணியால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் இலேசாகக் கந்தக நாற்றம் வந்தால் அது எபோனைட். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். இதற்கு வெந்நீர் ஆகவே ஆகாது. வெந்நீர் பட்டாலும், வெயிலில் நாட்கணக்கில் கிடந்தாலும் கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிடும், பழைய கறுப்பு எளிதில் திரும்பாது.

ரீலைப் பிரிப்பது எப்படி? ஆணி அசையவே இல்லையென்றால் என்ன செய்வது?

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; குறிப்பாக நாக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். ஆணிகளை ஒரு அட்டையில் ரீலின் படத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஒரே மாதிரி தோன்றும் ஆணிகள் நீளத்தில் வேறுபடும்.

கடையில் விற்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவரின் முனை ஆப்பு வடிவில் சரிந்திருக்கும். அழுத்தித் திருப்பும்போது அது பிளவிலிருந்து மேலே ஏறி நழுவி, ஆணித்தலையையும் பக்கத் தகட்டையும் ஒருசேரக் கீறிவிடும். இரண்டு மூன்று பழைய ஸ்க்ரூ டிரைவர்களை எடுத்து, முனையின் இரு பக்கமும் இணையாக இருக்குமாறு, பிளவின் அகலத்துக்கும் நீளத்துக்கும் சரியாகப் பொருந்துமாறு எண்ணெய்க் கல்லில் தீட்டிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் நீங்கள் செய்யும் மிகச் சிறந்த முதலீடு அந்த அரை மணி நேரம்தான்.

அசையாத ஆணிக்கு ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாட்கள் காத்திருங்கள். நாளுக்கு இருமுறை மீண்டும் விடுங்கள். பிறகு சால்டரிங் அயர்னின் முனையை ஆணித்தலையில் ஓரிரு நிமிடங்கள் வைத்துச் சூடாக்கி, முழுவதும் ஆற விடுங்கள். சூட்டில் எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு அலுமினியம் விரிவடையும். இப்படி விரிந்து சுருங்குவதில் இடையிலுள்ள துருவின் பிடி விடும். மண்ணெண்ணெயை நன்றாகத் துடைத்து, அது உலர்ந்த பின்னரே சூடு வைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆணி உள்ளேயே முறிந்துவிட்டால், பலரும் அறியாத பழைய கடிகாரக்காரர் வழி ஒன்று உண்டு. கடை வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடும் அதே படிகாரத்தை வெந்நீரில் இனி கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து, அந்தப் பாகத்தை அதில் மூழ்க வைத்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூட்டைத் தொடருங்கள். படிகாரக் கரைசல் எஃகை மெதுவாக அரித்துக் கறுப்புக் கூழாக்கிவிடும்; பித்தளையைத் தொடாது, அலுமினியத்தையும் பெரிதாகப் பாதிக்காது. சிறிய ஆணிக்கே பல மணி நேரமாகும். பாத்திரம் கண்ணாடியாகவோ பீங்கானாகவோ இருக்கட்டும். அந்தப் பாகத்தில் நீங்கள் காப்பாற்ற விரும்பும் வேறு எஃகு, உதாரணமாக அச்சு, பதிந்திருந்தால் இந்த வழியை நினைத்தும் பார்க்காதீர்கள். அதுவும் சேர்ந்து கரைந்துவிடும். எபோனைட் தகடு உள்ள பாகத்துக்கும் இது ஒவ்வாது.

தொலைந்த ஆணிக்குப் பதிலாக வேறு ஆணியைப் போட்டு, மரையை மாற்றிக்கொள்ளலாமா?

பழைய பிரிட்டிஷ் ரீல்களில் பி.ஏ. எனப்படும் பிரிட்டிஷ் அசோசியேஷன் மரையை அடிக்கடி காணலாம். 4 பி.ஏ. ஆணியின் விட்டம் 3.6 மி.மீ., மரை இடைவெளி 0.66 மி.மீ.; 6 பி.ஏ. ஆணிக்கு 2.8 மி.மீ., 0.53 மி.மீ. நம் ஊர் லேத் பட்டறையில் கேட்டால், 6 பி.ஏ. துளையில் 3 மி.மீ. டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டித் தருகிறேன் என்பார்கள். அவர்கள் வேலையில் குறையில்லை. ஆனால் அதன் பிறகு அந்த ரீலில் அசல் ஆணி ஒருபோதும் நிற்காது. பழைய அளவுமானிகளையும் ரேடியோக்களையும் பழுது பார்க்கும் முதியவர்களிடம் பி.ஏ. ஆணிகள் டப்பா டப்பாவாகக் கிடக்கும், ஏனெனில் அக்காலத்து மின் கருவிகளில் அந்த மரையே வழக்கம். முதலில் அவர்களிடம் போங்கள். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் துளைக்கு ஏற்ற ஆணியைக் கடைந்து வாங்குங்கள். துளையை ஆணிக்கு ஏற்ப மாற்றுவது கடைசி வழி.

பித்தளை ரீலைப் புளி போட்டுத் துலக்கலாமா?

குத்துவிளக்கைத் துலக்கும் அதே நினைவில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் களிம்பைக் கரைக்கும் என்பது உண்மை. பச்சைக் களிம்பு கெட்டியாகப் படிந்த இடத்தில் மட்டும் புளிக்கரைசலைத் துணியில் நனைத்து ஓரிரு நிமிடங்கள் ஒற்றி, உடனே ஆப்ப சோடா கலந்த நீரால் கழுவி, துடைத்து, உலர்த்தலாம். கூடுதல் நேரம் ஊற விட்டால் பித்தளையின் மேற்பரப்பில் துத்தநாகம் குறைந்து செம்பு மட்டும் எஞ்சி, ரோஜா நிறத் திட்டுகள் தோன்றும். அம்மாக்கள் செய்வதுபோல் புளியோடு கல்லுப்பைச் சேர்ப்பது விளக்குக்குச் சரி, ரீலுக்குக் கூடாது. மரை இடுக்குகளில் தங்கும் உப்பு, வெளியே பளபளக்கும் ரீலை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கும்.

மற்ற இடங்களுக்கு வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பும் பழைய பல் துலக்கியும் போதும். கடைசி அலசலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்த வேண்டாம். எங்கள் பகுதியில் அந்த நீர் காய்ந்தால் குழாயிலேயே வெள்ளைப் படிவம் தங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கேன் தண்ணீரில் அலசுங்கள்.

அம்மோனியா கலந்த உலோகப் பாலிஷ்களைப் பித்தளை ரீலில் நான் பயன்படுத்துவதில்லை. இதற்குப் பின்னால் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு வரலாறு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய இராணுவத்தின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்புவிட்டன. குதிரை லாயங்களுக்கு அருகில் சேமிக்கப்பட்டபோது, சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஈரப்பதத்தோடு சேர்ந்து, சூடாக்காமல் அழுத்தி இழுத்து உருவாக்கும்போதே உலோகத்தில் தங்கிவிட்ட உள்ளழுத்தத்தின் வழியே வெடிப்பை உண்டாக்கியது என்று 1921-ல் விளக்கப்பட்டது. பருவத்தையொட்டி நிகழ்ந்ததால் ஆங்கிலத்தில் அதற்குப் பருவ வெடிப்பு என்ற பொருளிலேயே பெயர் வந்தது. ஒரு முறை பாலிஷ் போட்டுத் துடைத்தால் ரீல் உடைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாலிஷ் மரையிலும் மடிப்பிலும் தங்கிவிடுவதும், அழுத்திச் செய்த மெல்லிய பித்தளையும், எங்கள் ஊர் ஈரக்காற்றும் ஒன்றுசேர்வதுதான் கவலை.

பஃபிங் பட்டறையில் கொடுத்துப் புத்தம்புதிது போலாக்கிவிட்டால் என்ன?

தொடக்கக் காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். தகட்டில் மெல்லிய எழுத்துகள் பொறித்த ஒரு பித்தளை ரீலைத் தெரிந்த பட்டறை ஒன்றில் கொடுத்துவிட்டு மாலையில் போனபோது, கண்ணாடி போன்ற ஒரு தகட்டைக் கையில் கொடுத்தார்கள். எழுத்துகளில் பாதி இல்லை; கூர்மையாக இருந்த விளிம்புகள் சோப்புக் கட்டிபோல் உருண்டிருந்தன. பட்டறைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பளபளப்பாக வேண்டும் என்று கேட்டது நான்தான்.

பழைய ரீலின் மேலுள்ள கறுமை பல நேரங்களில் அழுக்காக இருக்காது. ஹார்டி போன்ற நிறுவனங்கள் தங்கள் ரீல்களுக்கு ஈயச் சாயல் கொண்ட கருஞ்சாம்பல் பூச்சைத் தெரிந்தே கொடுத்தன; வெயிலில் பளபளக்கும் ரீல் மீனை மிரளச் செய்யும் என்பது அவர்கள் கருத்து. அந்தப் பூச்சின் எஞ்சிய பகுதியைச் சுரண்டி எடுப்பவர், ரீலின் மதிப்பில் பெரும் பங்கையும் சேர்த்தே சுரண்டுகிறார். எந்தப் பழைய மேற்பூச்சையும் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஈயம் கலந்த தூள் மூச்சில் போகும்.

அலுமினிய ரீலில் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கிறது. அது என்ன?

அலுமினியம் உப்புக்காற்றில் அரிபட்டதன் விளைவு. பித்தளைக் காலும் அலுமினியக் கூடும் சேரும் இடத்தில் அது அதிகமாக இருப்பதைக் காண்பீர்கள், ஏனெனில் உப்பு ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்கலம் போன்ற ஒரு செயல் நடந்து, அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொடுக்கும். மூங்கில் குச்சியாலும் எண்ணெய் தோய்த்த துணியாலும் பொடியை எடுத்துவிட்டு, குழிகளை அப்படியே விட்டுவிடுங்கள். மீண்டும் பூட்டும்போது இரு உலோகங்களும் தொடும் இடத்தில் மெல்லிய கிரீஸ் பூச்சு இருக்கட்டும். எரிசோடா கலந்த அடைப்பு நீக்கிகளை அலுமினியத்தின் அருகிலேயே கொண்டுவராதீர்கள், நுரைத்துக் கரைத்துவிடும். துருப்பிடித்த இரும்புப் பாகங்களுக்குச் சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் முறையிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கிர்ர் ஓசை நின்றுவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். காய்ந்து பிசினாகிவிட்ட பழைய கிரீஸ் நாக்கை அசையவிடாமல் பிடித்திருக்கலாம். பாதிக்கு மேற்பட்ட ரீல்களில் கோளாறு இதோடு முடிந்துவிடுகிறது. மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் துலக்கினால் போதும். இல்லையென்றால் நாக்கின் முனை தேய்ந்திருக்கும். அதன் முக்கோணம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், தேயாத பக்கம் வேலை செய்யுமாறு புரட்டிப் போட்டுப் பார்க்கலாம். புதிதாகச் செய்ய வேண்டி வந்தால் பித்தளைப் பட்டையிலிருந்து நகை வேலைக்கான மெல்லிய இரம்பத்தால் அறுத்து, சிறு அரத்தால் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பல்சக்கரம் எஃகாக இருக்கும்போது நாக்கு பித்தளையாக இருப்பதில் ஒரு வசதி உண்டு: தேய்வது எதுவோ அது எளிதில் மாற்றக்கூடிய பாகமாக இருக்கும்.

ஸ்பிரிங் முறிந்திருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும். பழைய சுவர்க் கடிகாரத்தின் சுருள்வில் துண்டு ஒன்று போதும். அதை அப்படியே வளைத்தால் முறியும். காஸ் சுடரில் செந்நிறம் வரும்வரை சூடாக்கி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் இளகும். அப்போது வெட்டி வளைத்துக்கொள்ளலாம். மீண்டும் செந்நிறமாக்கி எண்ணெயில் முக்கினால் கண்ணாடிபோல் கடினமாகும், கீழே போட்டால் உடையும். எனவே உப்புத்தாளால் வெளிறத் தேய்த்து, சுடருக்கு மேலே தூக்கிப் பிடித்து மெதுவாகச் சூடேற்றுங்கள். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, அதன்பின் நீலம் என்று நிறம் ஓடும். நீலம் தோன்றுவது ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில். அந்தக் கணத்தில் சுடரிலிருந்து எடுத்துவிட்டால் வளைந்து மீளும் ஸ்பிரிங் கிடைக்கும். என்னுடைய முதல் நான்கு ஸ்பிரிங்குகளும் நீலத்தைத் தாண்டிச் சாம்பல் நிறமாகிப் பிசகின. ஐந்தாவது இன்றும் ஒலிக்கிறது.

எந்த எண்ணெய் போடுவது?

தையல் இயந்திர எண்ணெயை அச்சுக்கு இரண்டு துளி, நாக்குக்கும் பல்சக்கரத்துக்கும் அரிசி அளவு லித்தியம் கிரீஸ். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஒரு டிசம்பரில் உதகையில் தங்கியிருந்த விடுதியில், ஊரிலிருந்து புறப்படும்போது அவசரத்தில் தேங்காய் எண்ணெய் போட்டுக் கொண்டுசென்ற ரீலைக் காலையில் எடுத்தால் உருளை அசைய மறுத்தது. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் அது என்று தலைக்குத் தேய்க்கும்போது தெரிந்திருந்தும், ரீலுக்குப் போடும்போது நினைவுக்கு வரவில்லை. உறையாத எங்கள் ஊரிலும் அது நாளடைவில் சிக்கேறிப் பிசினாகும்.

கைப்பிடி உடைந்துவிட்டது. விருப்பம்போல் மாற்றலாமா?

தாராளமாக. மாற்றங்களில் எனக்கு முழுச் சம்மதம் உள்ளது இதில்தான், ஏனெனில் அசல் துண்டுகளை ஒரு டப்பியில் போட்டு வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். கருங்காலி, ஈட்டி மரம், எருமைக் கொம்பு ஆகியவை கடைசலுக்கு நன்றாக இசையும். மரக் கடைசல் செய்பவரிடம் உடைந்த மாதிரியையும், உள்ளே செல்லும் தண்டின் விட்டத்தையும் கொடுங்கள். துளை தண்டைவிட மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் உப்பி இறுகுவதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன்.

மிகப் பழைய ரீல்களின் கைப்பிடி யானைத் தந்தமாக இருக்க வாய்ப்புண்டு. நெருங்கிப் பார்த்தால் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். எலும்பில் அவை இராது, சிறு கரும்புள்ளிகளே இருக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தந்தத்தை வாங்குவதும் விற்பதும் குற்றம். சந்தேகம் எழுந்தால் அந்த ரீலை வாங்காமல் நகர்வதே நல்லது.

நிறம் மாற்றலாமா? அனோடைசிங், பவுடர் கோட்டிங் பற்றிச் சொல்லவும்.

அனோடைசிங் என்பது கந்தக அமிலக் கரைசலில் அலுமினியத்தை நேர்மின்முனையாக வைத்து மின்சாரம் பாய்ச்சி, அதன் மேற்பரப்பையே கடினமான ஆக்சைடு படலமாக மாற்றுவது. நுண்துளைகள் கொண்ட அந்தப் படலம் சாயத்தை உறிஞ்சும். கொதிநீரில் வைத்தால் துளைகள் அடைபட்டு நிறம் நிலைக்கும். அடுக்குமாடி வீட்டில் அமிலத் தொட்டி வைத்துச் செய்யத்தக்க வேலை இதுவன்று, அதற்கான தொழிற்கூடத்தில் கொடுங்கள். கொடுக்கும் முன், எல்லாப் பித்தளை, எஃகுப் பாகங்களையும் கழற்றிவிடுங்கள். வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கன் மிகுதியாக இருப்பதால், பழைய வார்ப்புக் கூடுகள் சீரான நிறம் ஏற்காமல் சாம்பல் திட்டுகளாகவே வெளிவரும் என்பதை மனத்தில் வையுங்கள்.

பவுடர் கோட்டிங்கைப் பரிந்துரைக்க மாட்டேன். பெயிண்ட் பொடியைத் தூவி, சுமார் 180 முதல் 200 டிகிரி வரை சூளையில் வைப்பார்கள். ஈயப் பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், ஆகவே பற்றுவைத்த கால் கையோடு வந்துவிடலாம். பூச்சின் தடிமனும் உருளைக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியைத் தின்றுவிடும்.

கூட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டி, உருளையின் விளிம்பை உள்ளங்கையால் அழுத்தித் தடுக்குமாறு செய்வது மெடலிஸ்ட் ரீல்களில் பலர் செய்யும் மாற்றம். பயன் உண்டு, மறுக்கவில்லை. வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால், ஏற்கெனவே விளிம்பு உடைந்த ரீல் கையிலிருந்தால் மட்டும் முயலுங்கள்.

வலக்கையால் சுற்றும் ரீலை இடக்கைக்கு மாற்ற முடியுமா?

நாக்கைத் திருப்பிப் பூட்ட வழியுள்ள ரீல்களிலும், இரண்டு நாக்குகள் கொண்டவற்றிலும் முடியும். லைன் வெளியேறும்போது அழுத்தம் மிகுந்தும், சுற்றும்போது குறைந்தும் இருக்குமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். லைன் உரசும் காவல் வளையம் ஒரு பக்கம் மட்டும் பதிக்கப்பட்ட ரீல்களை அப்படியே விட்டுவிடலாம்.

புதிய லைன் பழைய ரீலில் கொள்ளுமா?

நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே கொள்ளும். அக்காலத்து லைன் பின்னிய பட்டு நூல். அதே எடைக்கு இன்றைய பிளாஸ்டிக் பூச்சு லைன் பட்டைவிடத் தடிமனானது. பட்டு லைன் நனைந்தால் மக்கும் என்பதால், நாள் முடிவில் அதை உலர்த்துவது அக்காலத்தில் கட்டாயமாக இருந்தது. அமெரிக்காவில் சார்லஸ் ஆர்விஸ் 1874-ல் காப்புரிமை பெற்ற ரீலின் பக்கங்களில் வரிசையாகத் துளைகள் இருந்ததன் பயன்களில் காற்றோட்டமும் ஒன்று. லைனின் எடையை எண்ணால் குறிப்பார்கள், எண் கூடினால் எடையும் கூடும். ஆறாம் எண் லைனுக்கு என்று விற்கப்பட்ட பழைய ரீலில் ஐந்தாம் எண் லைனைச் சுற்றிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே குறைந்தது ஐந்து மி.மீ. இடம் எஞ்ச வேண்டும், இல்லையென்றால் அவசரத்தில் சாய்வாகச் சுற்றும்போது லைன் கூட்டில் உரசிக் கிழியும்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு இதை எடுத்துச் செல்லலாமா?

கொடுவாய்க்காகத் தூண்டில் போடுபவர்கள் ஆசையோடு கேட்கிறார்கள். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் அந்த நீர் உப்பானது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு பரவி மீனவர் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியதும் அதே நீரில்தான். பெரிய கொடுவா ஓடினால் நாக்கும் ஸ்பிரிங்கும் மட்டுமுள்ள ரீல் அதைத் தடுக்காது, ஓசை மட்டும் எழுப்பும். அங்கே உப்புநீருக்கென்று செய்த புதிய ரீலைக் கொண்டுசெல்லுங்கள். அனுமதியுள்ள நன்னீர்க் குளத்தில் விராலுக்குப் பழைய ரீல் பொருத்தமானது, ஏனெனில் விராலைக் கையால் லைனை இழுத்தே கரைசேர்க்கிறோம். ரீலுக்கு அதில் பெரிய வேலை இல்லை.

முடித்த ரீலை எப்படிப் பாதுகாப்பது?

எங்கள் தெருவில் சன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் பெயிண்ட் அடித்தும் துரு நிற்பதில்லை. அந்தக் காற்றில்தான் ரீலும் இருக்கப்போகிறது. வெளிப்புறம் முழுவதும் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து, மென்துணியால் தேய்த்துவிடுங்கள். அழகான பழைய தோல் உறை உடன் கிடைத்திருந்தால், அதைத் தனியாக வையுங்கள். தோலைப் பதப்படுத்திய அமிலங்கள் ஈரத்தில் கசிந்து பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும். ஐப்பசி மழை தொடங்கும் முன் பொட்டலங்களைக் காய வைத்து மாற்றுங்கள். பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது டப்பாவைத் திறந்து, உருளையைப் பத்துச் சுற்று சுழற்றி, அச்சில் ஒரு துளி எண்ணெய் விட்டு மூடிவிடுங்கள்.